அளவு நோட்டில் நாற்பத்தொரு பேர்

அந்த ரப்பர் ஸ்டாம்பைச் செய்யக் கொடுத்தவன் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் கேட்கக்கூட இல்லை. சனிக்கிழமை லீவு நாளில், சொந்த வண்டியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் போய், ஒன்றரை மணி நேரம் கால் கடுக்க நின்று, ஊதா மை டப்பாவோடு வாங்கிக்கொண்டு வந்தேன். உட்கார்ந்த இடத்தில் மடத்தனம் செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. வெயிலில் அலைந்து திரிந்து செய்தவன் என்கிற பெருமை எனக்கு.

அப்போது நான் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். சரவணம்பட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்; குடித்தனமும் அந்த ஊரிலேயே. ஊர்ப் பெயர் வேண்டாம், இன்னும் அங்கே எனக்கு ஒறம்பரை, சொந்தபந்தம், இருக்கிறது. மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் மன்றக் கூட்டத்தில் வைக்கிற ஒவ்வொரு பொருளிலும், அந்த முடிவு குழந்தைகளை எப்படிப் பாதிக்கும் என்று யோசித்துப் பார்த்து, யோசித்ததைக் குறிப்பில் எழுத வேண்டுமாம். எழுதியவர் நல்ல மனுஷராகத்தான் இருக்க வேண்டும். இது கடைசியில் என் மேஜைக்கு வந்து சேரும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

மாதம் முப்பது நாற்பது பொருள் வரும். ஒவ்வொன்றுக்கும் குழந்தைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால் நான் எப்போது வீட்டுக்குப் போய் என் குழந்தையைப் பார்ப்பது? அதனால்தான் ஸ்டாம்பு. ‘குழந்தைகளின் நலன் கருதப்பட்டது’ என்று ஒரே வரி. செயல் அலுவலர் அதைக் கையில் வாங்கி, ஒரு வெள்ளைத் தாளில் குத்திப் பார்த்து, கண் கலங்காத குறையாகச் சொன்னார்: “நீ இருக்க வேண்டிய எடம் இது இல்லைய்யா.” இருக்க வேண்டிய இடம் எது என்று அவர் சொல்லவில்லை. நான் தலைமைச் செயலகம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் பேரூராட்சியில் குழந்தைகளின் நலன் கருதப்படாத காரியமே கிடையாது. கழிவுநீர் லாரிக்கு டயர் வாங்கினோம், கருதப்பட்டது. தெருநாய் பிடிக்க வலை வாங்கினோம், கருதப்பட்டது. தலைவர் அறைக்குக் கூலர் வைத்தோம், அழுத்தமாகவே கருதப்பட்டது. அந்த வாரத்தில் ஒரு நாள் என் மனைவி, “ஏனுங்க, நேத்து நம்ம புள்ளைக்குப் பொறந்த நாளு. நெனப்பு இருக்குதுங்களா?” என்று கேட்டாள். எனக்கு நினைப்பு இல்லை. ஸ்டாம்பு ஆபீசில் இருந்துவிட்டது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்தம்மா வந்து சேர்ந்தார்.

எங்கள் ஒன்பதாவது வார்டு உறுப்பினர். காலனிக்காரர். அந்தத் தடவை அந்த வார்டு, பட்டியல் வகுப்புப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. தொழில் தையல். ஒல்லியான, கறுத்த, எப்போதும் லேசாகச் சிரிப்பது போலவே இருக்கிற முகம். கழுத்தில் தாலிக்கயிற்றோடு இஞ்சு டேப்பும் தொங்கும். கூட்டத்துக்கு வரும்போது மட்டும் அதைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொள்வார். மன்றத்தில் பெண் உறுப்பினர்கள் ஐந்து பேர். மற்ற நான்கு பேருக்கும் பதிலாகக் கணவர்மார்கள்தான் கூட்டத்துக்கு வருவார்கள். தீர்மானப் புத்தகத்தை நான் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவேன். நல்ல காப்பி கிடைக்கும். அந்தம்மாவின் வீட்டுக்காரர் கோழித் தீவன மில்லில் வேலை பார்த்தார். முதல் நாள் மொபெட்டில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார். “நீங்களும் வாங்க, உள்ள உக்காருங்க” என்று நான் கூப்பிட்டதற்கு, “நான் எதுக்குங்க? செயிச்சது அவதானுங்களே” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டார். எங்கள் ஆபீசில் யாருக்கும் இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. முன்னுதாரணம் இல்லை.

உள்ளே பதினான்கு குஷன் நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பிளாஸ்டிக் எங்கே போடப்பட்டிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. தலைவர் தங்கமான குரலில், “குஷன் சேருக்கு ஆர்டர் போட்டிருக்குதுங்க அம்மணி, ஒரு வாரத்துல வந்துரும்” என்றார். அந்தம்மா, “இருக்கட்டுங்க” என்று உட்கார்ந்தார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பள்ளிக்கூடச் சீருடைத் துணியின் வெட்டு மீதிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு மெத்தையைக் கொண்டுவந்து, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நீலம், வெள்ளை, கட்டம் போட்டது, அரக்கு. பார்க்க அதுதான் அந்த அறையிலேயே அழகாக இருந்தது. ஐந்து வருஷமும் ஆர்டர் வந்துகொண்டே இருந்தது.

அந்தம்மா சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. குரல் உயர்த்தியதும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். முதல் தடவை அது மயானத்துக் கூரை விஷயத்தில் வந்தது. மின்மயானத்துக்குத் தகரக் கூரை போடுவது என்ற பொருளை நான் வாசித்தேன். முடிவில் வழக்கம்போல ‘குழந்தைகளின் நலன் கருதப்பட்டது’ என்று முடித்தேன்.

“ஏனுங்க,” என்றார் அந்தம்மா. “எந்தக் கொழந்தைங்க?”

நான் தாளைப் பார்த்தேன். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன்.

“இல்லீங்க, கருதுனதாப் போட்டிருக்குதுங்களே. அதான் எந்தக் கொழந்தைங்களன்னு கேட்டேன்.”

தலைவர் சிரித்தார். “அது சும்மா ஒரு சீலுங்க அம்மணி.”

“சும்மா ஒரு சீலுங்களா? செரிங்க,” என்று அவரும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஆனால் அடுத்த பொருளிலும் கேட்டார். அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்டார். நாய் வலையில் கேட்டார், டயரில் கேட்டார். கேலியாகக் கேட்டிருந்தால் திருப்பிக் கேலி செய்திருக்கலாம். பொத்தான் அறுந்த சட்டையைக் காட்டி ‘இது எந்தப் பொத்தானுங்க?’ என்று கேட்பதுபோல, பதில் தெரிந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம் என்கிற பாவனையில் கேட்பார். அதுதான் தாங்க முடியாது.

ஒரு நாள் என் மேஜைக்கு வந்தார். அவர் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். “தப்பா நெனச்சுக்காதீங்க,” என்றார். “எங்க தொழில்ல கொழந்தைங்கன்னு ஒரு அளவு கெடையாதுங்க. கவர்மெண்டுல இருந்து யூனிபாரம் வருது. ஒண்ணுக்கு முழங்காலுக்குக் கீழ தொங்குது, ஒண்ணுக்குத் தோள் ஏற மாட்டீங்குது. எல்லாத்தையும் எங்கிட்டத்தான் கொண்டாந்து போடறாங்க. நான் ஒவ்வொண்ணாப் பிரிச்சு, புள்ளையக் கூப்புட்டு நிறுத்தி அளந்துதானுங்க தெக்கோணும். கொழந்தைங்களுக்குன்னு பொதுவா ஒண்ணு தெச்சா அது யாருக்கும் பத்தாதுங்க.”

நான் ஆபீஸ் சிரிப்பு ஒன்று சிரித்தேன். அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். நீள வாக்கில் மடித்த, ஓரமெல்லாம் எண்ணெய் ஏறிய அளவு நோட்டு. புரட்டிக்கொண்டே போய் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். “உங்க புள்ளைக்கும் நான்தானுங்க தெக்கறேன். போன வருசத்துக்கு ரெண்டே கால் இஞ்சு வளந்திருக்குது. எடது தோளு அர இஞ்சு எறங்கியிருக்குதுங்க. பைய ஒரு பக்கமாவே போடுது. ரெண்டு தோள்லயும் மாட்டச் சொல்லுங்க.”

அன்று சாயங்காலம் என் மகளைச் சுவரோரம் நிற்கவைத்துப் பார்த்தேன். இடது தோள் இறங்கித்தான் இருந்தது. “எதுக்குப்பா பாக்கறீங்க?” என்றாள். “குழந்தைகளின் நலன் கருதுகிறேன்” என்றேன். அவளுக்குப் பயமாகப் போய்விட்டது.

அந்தம்மாவிடம் எனக்கு மரியாதை வந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வந்தது ஒருவிதக் கூச்சம். அவர் வருகிறார் என்றால் நான் மேஜை டிராயரைத் திறந்து ஸ்டாம்பை உள்ளே தள்ளிவிடுவேன். எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. நூலகத்துக்கு எதிரில் குடிதண்ணீர்த் தொட்டி கட்டியபோது, திறப்பு விழா நாளில், மாலை போட்ட குழாயின் பக்கத்தில் டேப்பைப் பிடித்து நின்றார். “ரெண்டாங்கிளாஸ் புள்ள கையத் தூக்குனா எட்டும். டம்ளரோட எட்டாதுங்களே.” ஒப்பந்தக்காரர் முனகிக்கொண்டே அடுத்த வாரம் குழாயை இறக்கி வைத்தார். பெரியவர்கள் புகார் கொண்டுவந்தார்கள். தண்ணீர் பிடிக்கக் குனிய வேண்டியிருக்கிறதாம். அந்தம்மா அதற்கும் சாந்தமாகத்தான் பதில் சொன்னார். “நீங்க குனிஞ்சுக்கலாமுங்க. அதுக எப்படிங்க ஒசந்துக்கும்?”

இதெல்லாம் சின்ன விஷயங்கள். பெரிய விஷயம் யானையில் வந்தது.

காலனிக்கும் அரசு ஆரம்பப் பள்ளிக்கும் நடுவில் கொஞ்சம் புறம்போக்கு நிலம் இருந்தது. சீமைக் கருவேலமும் எருக்கும் மண்டிக் கிடக்கும். அதற்கு நடுவில், காலனி மூலையிலிருந்து பள்ளிக்கூடத்தின் பின்வாசல் வரைக்கும் குறுக்காக ஒரு ஒற்றையடித் தடம். யாரும் போட்டதில்லை, பிள்ளைகள் நடந்து நடந்து விழுந்தது. அதில் போனால் பள்ளிக்கூடம் ஐந்து நிமிஷம். அதை விட்டால் பைபாஸ் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த ரோட்டில் கோழித் தீவன லாரியும் மில் பஸ்ஸும் போகிற போக்கில், பெரியவர்களே சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஓரத்தில் நடப்பார்கள். முந்தின வருஷம் பால் சொசைட்டிக்குப் போன ஒருத்தரைத் தட்டிவிட்டுப் போன லாரி எது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.

அந்த நிலத்தில் சிறுவர் பூங்கா கட்டுவது என்று தலைவர் முடிவெடுத்தார். சுற்றி ஆளுயரச் சுவர், உள்ளே கொரியன் புல், நீரூற்று, பைபாஸ் பக்கம் யானைத் தலை வடிவத்தில் வாசல். “உள்ள நொழையறப்பவே யானை வாய்க்குள்ள பூந்து போற மாதிரி இருக்கோணுமுங்க” என்று கையை வாய்மேல் வைத்துத் துதிக்கை ஆட்டிக் காட்டுவார். கெட்ட மனுஷர் இல்லை. யானை மேல் உண்மையான பாசம். அறிவிப்புப் பலகையை எழுதும் பொறுப்பு எனக்கு. ‘புல்தரையில் ஓடாதீர். பந்து விளையாடாதீர். சைக்கிள் கொண்டு வராதீர். கூச்சலிடாதீர்.’ எழுதி முடித்துவிட்டு, சிறுவர்களுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்தேன். மூச்சு விடலாம். அதைத் தடை செய்ய எனக்கு அதிகாரம் இல்லை.

கோப்பில் நான் ஸ்டாம்பை இரண்டு தடவை குத்தினேன். குழந்தைகளுக்காகவே கட்டுகிற பூங்கா அல்லவா.

கூட்டம். வழக்கப்படி தீர்மானங்களை முந்தின நாளே அடித்து வைத்திருந்தேன். ‘மன்றம் ஏகமனதாக அங்கீகரிக்கிறது’ என்பது உட்பட. எங்கள் மன்றத்தில் பேச்சு வார்த்தை என்பது பஜ்ஜி வரும் வரைக்கும் நேரத்தைப் போக்குகிற ஏற்பாடு. வரைபடத்தை மேஜையில் விரித்தோம். அந்தம்மா எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

“யானை நல்லாருக்குதுங்க,” என்றார். தலைவர் முகம் மலர்ந்தது. “எந்தக் கொழந்தைங்களுக்குங்க?”

“இதுக்குமா அம்மணி கேள்வி? சிறுவர் பூங்கான்னே போட்டிருக்குதல்லங்க!”

“எத்தன மணிக்குங்க தொறப்பீங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “காலைல அஞ்சரையில இருந்து ஏழரை வரைக்குமுங்க. சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு,” என்றேன்.

“பள்ளிக்கொடம் உடறது நாலு மணிக்குங்களே.”

“நாலு மணிக்கு வெயிலு, புல்லு தாங்காதுங்க,” என்றார் செயல் அலுவலர். புல்லின் நலன் ஏற்கெனவே கருதப்பட்டிருந்தது.

அந்தம்மா அதை விட்டுவிட்டார். காலனி மூலையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் வரைபடத்தின்மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். “இதுல தடம் எங்கீங்க?”

இளநிலைப் பொறியாளர், பாவம், சின்ன வயசுக்காரர், கோபிச்செட்டிபாளையத்துப் பையன், பதில் சொன்னார்: “தடம் சர்வே மேப்புலயே இல்லீங்க அக்கா. பதிவுல இல்லாதத நான் எப்படிங்க வரையறது?”

“அப்ப செவுரு கட்டுனா புள்ளைங்க எக்கட்டால போகுமுங்க?”

“பைபாஸ் இருக்குதுங்களே,” என்றார் ஒரு உறுப்பினரின் கணவர்.

கோழித் தீவன லாரி அந்தக் கணவருடையது.

அந்தம்மா பொறியாளர் பக்கம் திரும்பினார். “பதிவுல இருந்தா பாப்பீங்களா?”

“பதிவுல இருந்தா பாத்துத்தானுங்களே ஆவோணும்.”

“செரிங்க. கருதுன கொழந்தைங்க பேர நான் எழுதித் தாரனுங்க. தீர்மானத்தோட சேத்திக்கறீங்களா?”

தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். “சேத்திக்கச் சொல்றனுங்க அம்மணி. ஒரு தாளென்ன, ஒம்பது தாள் குடுங்க!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தமாகவே. பஜ்ஜி வந்தது. பூங்கா ஏகமனதாக நிறைவேறியது. ஏற்கெனவே அடித்து வைத்திருந்தேனே.

மறுநாள் காலையில் மூன்று தாள் கொண்டுவந்து கொடுத்தார். அளவு நோட்டிலிருந்து பார்த்துப் பார்த்து எழுதியது. நாற்பத்தொரு பேர். பேர், வகுப்பு, உயரம், அதற்குப் பக்கத்தில் ‘பள்ளிக்குப் போகும் வழி: தடம்’ என்று நாற்பத்தொரு தடவை. கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். பெரும்பாலும் காலி. சிலதில் எழுதியிருந்தது. கீர்த்தனா, மூன்றாம் வகுப்பு, மூன்றடி பத்தரை அங்குலம்: ‘தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வரும்.’ இன்னொரு பையனுக்கு: ‘இடது கால் கொஞ்சம் இழுக்கும். ஓட முடியாது.’ ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு: ‘லாரி ஆரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிடும்.’

அங்கேயே நின்றுவிடும் என்ற வரியில் என் கண் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் கை பழக்க தோஷத்தில் போய் ஸ்டாம்பை எடுத்தது. மூன்று தாளிலும் அடியில் நேராக ஒரு குத்து, குத்து, குத்து. ‘குழந்தைகளின் நலன் கருதப்பட்டது.’ தீர்மானத்தோடு இணைப்பாகச் சேர்த்து நூல் கோத்து, நகல் எடுத்து, மாவட்ட அலுவலகத்துக்குப் போகிற தபால் கட்டில் வைத்து அனுப்பிவிட்டேன். நான் வீரன் என்று யாராவது நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை விவரமாகச் சொல்கிறேன். அதை அனுப்பும்போது நான் யோசித்துக்கொண்டிருந்தது, அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டில் என்ன கூட்டு இருக்கும் என்பதைத்தான்.

அதற்கு மறுநாள் செயல் அலுவலர் கூப்பிட்டார். கையில் எங்கள் ஆபீஸ் நகல்.

“என்னய்யா இது?”

“இணைப்புங்க சார்.”

“எவன் இணைக்கச் சொன்னது?”

“தலைவருங்க சார். ஒம்பது தாள்னாலும் சேத்திக்கலாமுன்னாருங்க. மூணுதான் வந்துச்சு.”

கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “இதக் கழட்டிரு. எங்கியோ காணாமப் போச்சுன்னு வெச்சுக்க.”

“போயிருச்சுங்க சார்.”

“நல்ல வேளை. எங்க போச்சு?”

“மாவட்ட ஆபீசுக்குங்க. நேத்துத் தபால்ல.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் தலைமைச் செயலகம் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பொறியாளர் சுவருக்கான வரைபடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். தலைவரே வந்து நயமாகக் கேட்டார். அந்தப் பையனுக்கு வியர்த்து ஊற்றியது.

“இத்தன நாளு குழந்தைகள்னு போட்டிருந்தீங்க, நானும் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டனுங்க. இப்பப் பேரு, வகுப்பு, உசரம், இழுக்கற காலு வரைக்கும் எழுதி, கருதப்பட்டதுன்னு சீலும் குத்தி மேல அனுப்பிப் போட்டாருங்க நம்ம அண்ணன். நாளைக்கு ஒரு லாரில ஒண்ணு ஆச்சுன்னா, ஏப்பா, இத்தனையும் தெரிஞ்சுதான செவுரு கட்டுனேன்னு எங்கழுத்தத்தானுங்க புடிப்பாங்க?”

தலைவர் செயல் அலுவலரைப் பார்த்தார். செயல் அலுவலர் என்னைப் பார்த்தார். எனக்குப் பார்க்க ஆள் இல்லாததால் ஸ்டாம்பைப் பார்த்தேன்.

குழந்தைகள் என்று எழுதினால் அவர்களை எந்த லாரியும் தொட்டதில்லை. மூன்றடி பத்தரை அங்குலம் என்று எழுதினால் லாரி தெரிய ஆரம்பித்துவிடுகிறது. அன்றைக்கு எங்கள் ஆபீசில் யாருக்கும் திடீரென்று இரக்கம் பொங்கிவிடவில்லை. பயம்தான் வந்தது. அந்தம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவர் கேட்டது இரக்கமும் இல்லை, தடம்தான்.

மதிப்பீடு திருத்தப்பட்டது. காலனி மூலையில் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பின்வாசலுக்கு எதிரில் ஒன்று என்று சுவரில் இரண்டு சந்து விடுவது; நடுவில் தடம் அப்படியே இருப்பது. அஸ்திவாரம் தோண்டுகிற நாளில் அந்தம்மா டேப்போடும் தையல்காரச் சுண்ணாம்புக் கட்டியோடும் வந்து நின்றார். ஒப்பந்தக்காரர் சந்துக்கு மூன்றடி போதும் என்றார்.

“மூணரை உடுங்க. அக்காளும் தம்பியும் கையப் புடிச்சுட்டு, பையோட, சோடியா வருமுங்க. கைய உட்டுப்போட்டு வரச் சொல்லட்டுங்களா?”

மூன்றரை விட்டார்கள். செயல் அலுவலர் ஒரு இரும்புக் கதவாவது போட்டுக்கொள்கிறோமே என்று கேட்டுப் பார்த்தார்.

“கதவு வெச்சாப் பூட்டு வருமுங்க. பூட்டு வந்தாச் சாவி வரும். சாவி வந்தா அதுக்கு ஒரு ஆளு வருவாருங்க. ஒம்போது மணிக்கு அந்த ஆளு டீ குடிக்கப் போயிருவாருங்க.”

எங்கள் காவலாளி டீக்கடையிலிருந்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தார். கதவு வேண்டாம் என்று முடிவாயிற்று.

பூங்கா திறந்தபோது யானை வாய் நன்றாகத்தான் இருந்தது. புல் பச்சையாக இருந்தது. நேரம் அதே நேரம்தான். என் பலகையும் அப்படியே நிற்கிறது: ஓடாதீர், கூச்சலிடாதீர். காலை ஒன்பது மணிக்கு அதைத் தாண்டி நாற்பது பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடின; கால் இழுக்கிற பையன் கூச்சலிட்டுக்கொண்டு நடந்தான். அந்தம்மாவின் வெற்றி அவ்வளவுதான். அவரும் அதை வெற்றி என்று சொன்னதில்லை.

ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, “நல்லதுங்க, தபால்ல அனுப்புனதுக்கு” என்றார். நான் எழுந்து நின்று, அடக்கமாகத் தலையைக் குனிந்து, “நம்மளால ஆனதுங்க” என்றேன். நாக்கு கூசவில்லை. அவர் கொஞ்ச நேரம் என்னை அளவெடுப்பதுபோலப் பார்த்தார். “தெரிஞ்சு செஞ்சீங்களோ, தெரியாமச் செஞ்சீங்களோ. சீலு நேராக் குத்தியிருந்துச்சுங்க.”

திறப்பு விழாக் கல்வெட்டில் பதினோரு பேர் இருக்கிறது. யானை செய்த சிற்பி பேர்கூட இருக்கிறது. அந்தம்மா பேர் இல்லை. எழுதக் கொடுத்தவன் நான்தான். விட்டுப்போனது அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த பலகையில் சேர்த்துவிடலாம் என்று ஒரு குற்ற உணர்ச்சியில் போய்ச் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: “எம்பேரு எதுக்குங்க? நான் என்ன தடத்துல பள்ளிக்கொடமா போறேன்?” அதனால்தான் இங்கேயும் எழுதவில்லை.

ஐந்து வருஷம் முடிந்தது. அதற்கப்புறம் வார்டு பொதுவாயிற்று. அந்தம்மாவை நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. புதிதாக வந்த உறுப்பினருக்கு முதல் கூட்டத்துக்கே குஷன் நாற்காலி வந்துவிட்டது. ஆர்டர் வந்து சேர்ந்துவிட்டதாம். பிளாஸ்டிக் நாற்காலியோடு கிடந்த ஒட்டுத்துணி மெத்தையை நான் எடுத்துக்கொண்டேன். திருட்டுத்தான். நான்கு ஊர் மாறியும் கூடவே கொண்டுபோகிறேன். இப்போதும் அதன் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஸ்டாம்பை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அது இன்னும் வேலை செய்கிறது என்று கேள்வி. அந்தம்மா இப்போது கொடுமுடிப் பக்கம் மகள் வீட்டோடு இருக்கிறாராம். அங்கேயும் பள்ளிக்கூடத்துணிதான் தைக்கிறாராம். அந்த ஊர்ப் பேரூராட்சிக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு பழைய கோப்பு விஷயமாக அந்த ஊருக்குப் போயிருந்தேன். காலை நேரம். கால் தானாகப் பூங்காப் பக்கம் போயிற்று. பள்ளிக்கூடத்துப் பக்கம் இருக்கிற சந்தில் போய் நின்று, சுவரைத் தடவிப் பார்த்தேன். கதவு இன்னும் வரவில்லை. நாற்பத்தொரு பேரும் இப்போது காலேஜிலும் மில்லிலும் இருப்பார்கள். தடத்தில் வேறு நாற்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறதே என்று தோன்றியது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல இருந்தது.

ஒரு சிறுமி, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வேகமாக வந்தாள். பையை இரண்டு தோளிலும் மாட்டியிருந்தாள். நான் குனிந்து, குரலில் தேனைக் குழைத்துக் கேட்டேன்: “ஏங்கண்ணு, இந்தச் சந்து எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?”

மூன்றரை அடி என்பது பையோடு இரண்டு பிள்ளைகளுக்காக அளந்தது. ஓய்வு பெறப்போகிற குமாஸ்தாவின் தொப்பை அதில் கருதப்படவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தாள்.

“தள்ளி நில்லுங்க, பெல் அடிச்சிருச்சு.”